புல்லாங்குழலில் கூடுதல் கீ: தேவையா, ஆடம்பரமா?



மேற்கத்தியப் புல்லாங்குழல் வாங்கப் போனால் கடையில் தரும் கொட்டேஷனைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதல் வரியில் வாத்தியத்தின் விலை இருக்கும். அதற்குக் கீழே ‘ஆப்ஷனல்’ என்று நாலைந்து வரிகள்: ஸ்பிளிட் ஈ, பி ஃபுட், கிஸ்மோ கீ, சி ஷார்ப் ட்ரில் கீ. ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை. கார் வாங்கும்போது சீட் கவர், ஃபாக் லைட் என்று சேர்த்துக்கொண்டே போவார்களே, அதே மாதிரிதான். நம் வளாகத்தில் சில பிள்ளைகள் இந்த வாத்தியம் கற்கிறார்கள். இதில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்ற கேள்வி அவர்களுடைய பெற்றோர்களுக்கு வந்திருக்கும், அல்லது சீக்கிரமே வரும்.

எனக்குக் குழல் வாசிக்கத் தெரியாது. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன் நான். ஒரு செலவு வரியைப் பார்த்தால், அது எப்போது, எதற்காகக் கணக்கில் நுழைந்தது என்று பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. அப்படிப் புரட்டியதில் ஒரு விஷயம் தெரிந்தது. இந்தக் கூடுதல் கீகளில் சில, வாசிப்பவரின் புதிய தேவைக்காக வந்தவை. வேறு சில, நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் யாரோ செய்துகொண்ட ஒரு சமரசத்துக்கு இன்றைக்கும் நாம் கட்டிக்கொண்டிருக்கும் வட்டி. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் வாங்குவது சுலபம். அதற்கு வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு கீ

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் மரக் குழல் ஒரு புது உருவம் எடுத்தது. ஹோத்தெத்தேர் என்ற வாத்தியக் கைவினைஞர் குடும்பத்தின் பெயர் இதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. விரலால் மூட ஆறு துளைகள். அதோடு, வலது சுண்டுவிரலால் அழுத்த ஒரே ஒரு உலோகக் கீ.

ஏன் அந்த ஒன்று மட்டும்? ஆறு துளைகளையும் மூடி ஊதினால் ‘டி’ என்ற சுரம் வரும். கடைசித் துளையைத் திறந்தால் ‘ஈ’ வரும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது டி ஷார்ப். மற்ற அரைச் சுரங்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. ஒரு துளையைத் திறந்துவிட்டு, அதற்குக் கீழே உள்ள துளைகளை மூடினால் சுரம் சற்று இறங்கும். கடைசித் துளைக்குக் கீழேதான் வேறு துளையே இல்லையே! அதனால் அங்கே தனியாக ஒரு துளை போட்டு, விரல் எட்டாத அந்த இடத்துக்கு ஸ்பிரிங் வைத்த ஒரு கீயைப் பொருத்தினார்கள். வேறு வழியில்லாத இடத்தில் வந்த கீ அது. இன்றைய குழலிலும் அதே சுண்டுவிரலுக்கு அதே வேலைதான்.

“நம்ம ஊர் மூங்கில் குழலில் கீயே கிடையாதே, அவர்களுக்கு மட்டும் ஏன்?” என்று நீங்கள் கேட்கலாம். நம் வித்வான் ஒரு சுருதியை வைத்துக்கொண்டு கச்சேரி முழுவதும் அதிலேயே வாசிக்கிறார். சுருதி மாற வேண்டுமென்றால் வேறு குழலை எடுத்துக்கொள்கிறார். நடுச் சுரங்களையும் கமகங்களையும் துளையைப் பாதி மூடியும், விரலைச் சறுக்கியும், ஊதும் கோணத்தை மாற்றியும் வரவழைக்கிறார். கும்பகோணம் சரப சாஸ்திரிகள் இந்தக் குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியது எந்தக் கீயும் இல்லாமல்தான். மேற்கத்திய இசையிலோ ஒரே பாட்டுக்குள் ஆதார சுரம் மாறிக்கொண்டே போகும். பன்னிரண்டு அரைச் சுரங்களும் ஒரே குழலில், ஒரே பலத்தில், பக்கத்திலிருக்கும் வயலினோடு ஒத்துப்போக வேண்டும். அந்தத் தேவையிலிருந்துதான் அங்கே கீகளின் கதை தொடங்குகிறது.

அரசர் வாசித்தும் பரவாத கீ

முதல் ‘ஆப்ஷனல்’ கீ என்று நான் சொல்வது குவாண்ட்ஸ் என்ற ஜெர்மானியர் சேர்த்ததை. 1697இல் பிறந்தவர், பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் குழல் ஆசான். டி ஷார்ப்பும் ஈ ஃப்ளாட்டும் இன்றைய பியானோவில் ஒரே கட்டை. அந்தக் காலத்தில் நுட்பமான காது உள்ளவர்கள் அவற்றை இரண்டாகவே கருதினார்கள். ஈ ஃப்ளாட் ஒரு துளி மேலே இருக்க வேண்டும். அதனால் 1726இல் குவாண்ட்ஸ் தன் குழலில் இரண்டாவது கீயைச் சேர்த்தார், ஒன்று டி ஷார்ப்புக்கு, மற்றொன்று ஈ ஃப்ளாட்டுக்கு. அரசருக்குச் செய்துகொடுத்த குழல்களிலும் அந்த இரண்டு கீகள் இருந்தன. 1752இல் வெளியிட்ட தன் பெரிய புத்தகத்திலும் அதைப் பற்றி எழுதினார்.

கீ செய்த வேலையில் குறை இல்லை. அதை ஆதரித்தவர் ஒரு நாட்டின் அரசர். அப்படியும் அது பரவலாகவில்லை. பெரும்பாலானவர்கள் உதட்டைக் கொஞ்சம் திருப்பியே அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொண்டார்கள். ஒரு கீ சரியாக வேலை செய்வது வேறு, அது தேவைப்படுவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒன்று எட்டான கதை

1750, 60களில் லண்டன் கைவினைஞர்கள் எஃப், ஜி ஷார்ப், பி ஃப்ளாட் ஆகிய சுரங்களுக்குத் தனித்தனிக் கீகள் பொருத்தத் தொடங்கினார்கள். அரங்குகள் பெரிதாகின, வாத்தியக் குழுவும் பெரிதானது. மேலே சொன்ன ‘கீழே மூடும்’ தந்திரத்தில் வரும் சுரங்கள் மங்கலாகவும் சற்றே சுருதி விலகியும் இருந்ததால், அவை கூட்டத்தில் எடுபடவில்லை. குழலின் அடியை நீட்டி, கீழ் சி, சி ஷார்ப் ஆகிய சுரங்களுக்கும் கீ வைத்தார்கள். இப்படி ஆறு கீ ஆனது. ரிச்சர்ட் பாட்டர் என்ற லண்டன் வாத்தியத் தயாரிப்பாளர் 1785இல் தன் மேம்பாடுகளுக்குக் காப்புரிமையே வாங்கினார். பிறகு இன்னும் இரண்டு சேர்ந்து எட்டுக் கீக் குழல் வழக்கத்துக்கு வந்தது.

அந்த எட்டில் ஒன்றின் கதை சுவையானது. எஃப் கீயை வலது மோதிர விரல் அழுத்த வேண்டும். அதே விரல்தான் கடைசித் துளையையும் மூட வேண்டும். ‘டி’யிலிருந்து ‘எஃப்’புக்குப் போகும்போது ஒரே விரல் இரண்டு இடத்தில் எப்படி இருக்கும்? துளையிலிருந்து கீக்குச் சறுக்க வேண்டும். நடுவில் வேண்டாத சத்தம் வரும். அதற்குப் பரிகாரமாக அதே எஃப் சுரத்துக்கு இன்னொரு நீண்ட கீ செய்து இடது சுண்டுவிரலிடம் கொடுத்தார்கள். லைப்சிக் நகரத்து டிராம்லிட்ஸ் என்பவர் இதை வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர். 1800இல் பல கீகள் உள்ள குழலைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதினார்.

ஆக, ஒரு கீயைப் பயன்படுத்துவதற்காக இன்னொரு கீ. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

இவ்வளவு கீகள் வந்தும் அடிப்படைக் குறை தீரவில்லை. ஆறு துளைகள் எங்கே இருந்தன? மனித விரல்கள் எட்டும் இடத்தில். அவை இருக்க வேண்டியதோ ஒலி இயல் சொல்லும் இடத்தில், அதுவும் பெரிதாக. ஒவ்வொரு கீயும் ஒவ்வொரு சுரத்தின் ஓட்டையை அடைத்தது. கணக்குப் புத்தகமே தவறான முறையில் எழுதப்பட்டிருக்கும்போது, வரிக்கு வரி திருத்தம் போட்ட மாதிரி.

பொற்கொல்லர் மகன் போட்ட புதுக் கணக்கு

தியோபால்ட் போம் 1794இல் மியூனிக்கில் பிறந்தார். தந்தை பொற்கொல்லர், மகனும் அந்தத் தொழிலைக் கற்றவர். அரசவை வாத்தியக் குழுவில் குழல் கலைஞராக வேலை. 1828இல் சொந்தமாக வாத்தியப் பட்டறையும் வைத்தார். உலோகத்தில் நுண்வேலை தெரிந்த கை, மேடையில் வாசித்த காது, இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தது குழலின் அதிர்ஷ்டம்.

1831இல் அவர் லண்டன் போனார். அங்கே சார்லஸ் நிக்கல்சன் என்ற கலைஞர் வாசிப்பதைக் கேட்டார். நிக்கல்சனின் குழலில் துளைகள் மிகப் பெரியவை. அதற்கேற்ற பெரிய கைகளும் அவருக்கு இருந்தன. அந்த முழங்கும் நாதத்துக்குத் தன் குழல் ஈடாகாது என்று போம் உணர்ந்தார். நிக்கல்சனைக் கேட்டிராவிட்டால் தன் புதிய குழல் பிறந்தே இருக்காது என்ற பொருளில் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதியும் இருக்கிறார்.

பழைய குழலோடு இன்னொரு கீயைச் சேர்க்கவில்லை போம். முதலிலிருந்து தொடங்கினார். துளைகளை அவை இருக்க வேண்டிய இடத்தில் போட்டார். விரல் எட்டாத துளைகளை, விரல் எட்டும் துளைகளைச் சுற்றி வளையம் வைத்து, கம்பிகளால் இணைத்து மூடச் செய்தார். இது 1832இன் மாதிரி. அதன்பின் ஒலி இயலைப் பேராசிரியர் ஷாஃப்ஹாய்ட்டலிடம் முறையாகக் கற்று, 1847இல் இரண்டாவது மாதிரியைச் செய்தார். உடல் நேர் உருளை. தலைப்பகுதி மட்டும் முனை நோக்கி ஒடுங்கும். துளைகள் விரலால் மூட முடியாத அளவு பெரியவை, ஆகவே எல்லாவற்றுக்கும் மெத்தை வைத்த மூடிகள். பிரான்சில் கோத்ஃப்ருவா, லூயி லோ பட்டறையும், இங்கிலாந்தில் ருடால் அண்ட் ரோஸ் நிறுவனமும் உரிமை பெற்றன. இன்று உங்கள் பிள்ளை கையில் வைத்திருப்பது, சில மாறுதல்களோடு, அந்த 1847ஆம் வருடத்துக் குழல்தான்.

போமின் ஒரு கொள்கை நம் கதைக்கு முக்கியம். டி ஷார்ப் கீயும் ட்ரில் என்னும் சுர அசைவுக்கான சிறு கீகளும் தவிர, மற்ற எல்லாக் கீகளும் சும்மா இருக்கும்போது திறந்தே இருக்க வேண்டும். விரல் அழுத்தினால் மூட வேண்டும். இந்த விதி ஜி ஷார்ப்புக்கும் உண்டு.

பழக்கத்துக்குக் கொடுத்த சலுகை

இங்கேதான் சிக்கல் வந்தது. பழைய எட்டுக் கீக் குழலில் ஜி ஷார்ப் கீ சும்மா இருக்கும்போது மூடியிருக்கும். இடது சுண்டுவிரலை அழுத்தினால் திறக்கும். போம் குழலில் நேர் எதிர். சுண்டுவிரல் பெரும்பாலான நேரம் அழுத்தியே இருக்க வேண்டும். ஜி ஷார்ப் வேண்டும்போது தூக்க வேண்டும்.

புதிதாகக் கற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். இருபது வருடமாக வாசித்து, அதில் குடும்பம் நடத்துகிறவரை நினைத்துப் பாருங்கள். இன்று இரவு கச்சேரி. சுண்டுவிரல் தானாக அழுத்துகிறது, சுரம் தவறுகிறது. பாரிஸ் இசைக் கல்லூரியின் குழல் பேராசிரியர் துலூ புதிய குழலைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1839-40இல் அங்கே கூடிய குழுவும் அதை ஏற்காமல் விட்டது. துலூ ஓய்வு பெற்று, 1860இல் தோரூ அந்த இடத்துக்கு வந்தபிறகுதான் போம் குழல் அந்தக் கல்லூரியின் அதிகாரபூர்வ வாத்தியமானது.

அந்தத் தோரூ பழைய குழலிலிருந்து புதியதற்கு மாறியவர். மாறும்போது அவர் ஒரு பாலம் போட்டார். ஸ்பிரிங்குகளின் உதவியால், ஜி ஷார்ப்புக்கு மட்டும் பழைய விரல் பழக்கம் தொடரும்படி ஒரு கீ அமைப்பு. அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. பின்னர் இன்னும் எளிய வழி வந்தது. ஜி ஷார்ப்புக்கு என்று குழலின் மறுபக்கத்தில் கூடுதலாக ஒரு துளை போட்டு, அதன்மேல் மூடியே இருக்கும் ஒரு கீ. இந்த ‘மூடிய ஜி ஷார்ப்’ அமைப்புதான் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது. போம் மனம் மாறவில்லை. 1871இல், 77ஆம் வயதில் வெளியிட்ட புத்தகத்திலும் திறந்த அமைப்பே எளிமையானது, சரியானது என்று காரணங்களோடு வாதாடினார்.

நான் அந்தப் பழைய கலைஞர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, கொஞ்ச காலம் கம்ப்யூட்டரிலும் பதிந்தோம், லெட்ஜரிலும் எழுதினோம். பெரியவர்களுக்குக் கையால் எழுதிய பக்கத்தைப் பார்த்தால்தான் நிம்மதி. பாலம் இல்லாமல் ஒரு தலைமுறையை அக்கரைக்குக் கொண்டுபோக முடியாது. எங்கள் லெட்ஜர் பிறகு அலமாரிக்குப் போய்விட்டது. குழலில் போட்ட பாலமோ, கடந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் சாலையின் நிரந்தரப் பகுதியாகிவிட்டது.

மேல் ‘ஈ’ படுத்தும் பாடு

அதன் விலை என்ன? மேற்கத்தியக் குழல் கற்கும் எந்தப் பிள்ளையையும் கேளுங்கள். மூன்றாவது ஸ்தாயியின் ‘ஈ’ என்றாலே முகம் சுளிக்கும். சில சமயம் வராது, சில சமயம் கீழே விழும், சில சமயம் கிறீச்சிடும்.

காரணம் இதுதான். மேல் ஸ்தாயியில் துளைகளை வரிசையாகத் திறந்து சுரம் வரவழைப்பதில்லை. நடுவில் ஒரு துளையை ஜன்னல் மாதிரித் திறந்துவைத்தால், உள்ளே அதிரும் காற்று உயர்ந்த சுரத்துக்குத் தாவும். மேல் ‘ஈ’க்காக இடது மோதிர விரலைத் தூக்க வேண்டும். போமின் மூல அமைப்பில் அப்போது ஒரே ஒரு துளை திறக்கும். அடுத்த துளையைச் சுண்டுவிரல் மூடி வைத்திருக்கும். சுரம் சுத்தமாக வரும். மூடிய ஜி ஷார்ப் அமைப்பில் சுண்டுவிரலுக்கு அந்த வேலை இல்லை. அதனால் மோதிர விரலின் கீழ் இரண்டு மூடிகளையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டார்கள். விரலைத் தூக்கினால் இரண்டு துளைகளும் திறக்கின்றன. ஒரு ஜன்னல் திறக்க வேண்டிய இடத்தில் இரண்டு திறந்தால் காற்றுக்கு எங்கே தாவுவது என்று தெரிவதில்லை.

இதற்குப் பரிகாரம்தான் கொட்டேஷனில் உள்ள ‘ஸ்பிளிட் ஈ’. பிணைத்த இரண்டு மூடிகளையும் பிரித்து, வலது நடுவிரல் அழுத்தும்போது கீழ் மூடி மட்டும் மூடிக்கொள்ளும்படி ஒரு சிறு கம்பி அமைப்பு. 19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில், பிரான்சின் தூலூஸ் நகரக் குழல் கலைஞர் போர்ன், தயாரிப்பாளர் ஜூலியோ ஆகிய இருவரோடு சேர்த்து இது பேசப்படுகிறது. அதாவது, பழைய விரல் பழக்கத்துக்காகச் செய்த சலுகை ஒரு குறையை உண்டாக்கியது. அந்தக் குறையைத் தீர்க்க இன்னொரு அமைப்பு வந்தது. அதற்கு நாம் இன்று தனியாகப் பணம் கட்டுகிறோம். அசலைக் கடனாக வாங்கியவர்கள் யாரும் இப்போது இல்லை. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடனே வாங்காமல் இருந்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற குழல் கலைஞர் வில்லியம் பென்னட், 2022இல் மறைந்தவர், போம் சொன்ன திறந்த ஜி ஷார்ப்பிலேயே வாசித்தார். நம் பிள்ளைகளுக்கு அது நடைமுறையில் சரிப்படாது. கடைகளில் கிடைப்பதும் ஆசிரியர்கள் கற்பித்திருப்பதும் மூடிய அமைப்பைத்தான்.

மற்ற வரிகள்

*பி ஃபுட்:* வழக்கமான குழலின் கீழ் எல்லை ‘சி’. அடிப்பகுதியைச் சற்று நீட்டி இன்னொரு கீ வைத்தால் அதற்கும் கீழே ‘பி’ கிடைக்கும். அமெரிக்காவில் இது மிகப் பரவலானது. ஐரோப்பாவில் நெடுங்காலம் சி ஃபுட்டே போதும் என்று இருந்தார்கள். அந்தக் கீழ் ‘பி’ வரும் படைப்புகள் குறைவு. குழல் நீளமும் எடையும் கூடும், சிறு பிள்ளைகளின் கைக்கு அது தெரியும்.

*கிஸ்மோ கீ:* பி ஃபுட் சேர்த்ததும், குழலின் மிக மிக மேலே இருக்கும் ‘சி’ சுரம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அந்த பி மூடியை மட்டும் தனியாக மூட ஒரு சிறு கீ, அதுதான் கிஸ்மோ. பார்த்தீர்களா, நீண்ட எஃப் கீயின் கதையே மறுபடியும் வருகிறது. பி ஃபுட் வாங்காதவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

*சி ஷார்ப் ட்ரில் கீ:* சில ட்ரில்களையும் மேல் ஸ்தாயியின் சில கடினமான மாற்றங்களையும் சுலபமாக்கும். உண்மையான வசதிதான். அந்த அளவுக்கு வாசிப்பு வளர்ந்தவருக்கு.

*ஆஃப்செட் ஜி:* இது கூடுதல் கீ அல்ல, இருக்கும் கீயின் இடமாற்றம். இடது மோதிர விரலுக்கான கீகளைச் சற்று வெளியே தள்ளிவைப்பார்கள். சிறிய கைகளுக்கு மணிக்கட்டு வளையாமல் இருக்கும். ஸ்பிளிட் ஈ பொருத்தவும் இதுவே தோது.

நிலைத்தவை, மறைந்தவை

‘கூடுதல்’ என்று வந்து, பிறகு யாரும் கூடுதல் என்றே நினைக்காத அளவுக்கு நிலைத்ததும் ஒன்று உண்டு. 1849இல் இத்தாலியக் கலைஞர் பிரிச்சால்டி இடது கட்டைவிரலுக்கு பி ஃப்ளாட் கீ ஒன்றைச் சேர்த்தார். பி ஃப்ளாட் அடிக்கடி வரும் பாட்டில் வலது கை விரல் ஒன்று மிச்சமாகிறது. வேண்டாதபோது கட்டைவிரலைப் பக்கத்து மூடிக்கு நகர்த்திக்கொள்ளலாம். இன்று எல்லாக் குழலிலும் அது உண்டு. அதற்கு யாரும் தனியாகக் காசு கேட்பதில்லை.

மறைந்தவையும் உண்டு. இங்கிலாந்தில் கார்ட் என்பவரின் 1867ஆம் வருட அமைப்பு, பழைய விரல் முறையையும் போமின் முறையையும் ஒரே குழலில் இணைத்தது. ஒரே சுரத்துக்குப் பல வழிகள். பிரிட்டிஷ் கலைஞர்கள் பலர் 20ஆம் நூற்றாண்டிலும் அதை வாசித்தார்கள், பிறகு வழக்கொழிந்தது. போமின் சொந்த நாடான ஜெர்மனியிலேயே, லைப்சிக்கின் ஷ்வெட்லர் 1880களில் க்ருஸ்பே என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து, பழைய வகைக் குழலையே கீகளால் மெருகேற்றி ‘சீர்திருத்தக் குழல்’ என்று கொண்டுவந்தார். அதுவும் ஒரு காலம் செல்வாக்கோடு இருந்து அடங்கியது. டேட்டன் மில்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் சேர்த்த சுமார் 1,700 குழல்கள் 1941 முதல் வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஒரு காலத்தில் ‘இது இல்லாமல் முடியாது’ என்று விற்கப்பட்ட எத்தனையோ கீகள் இன்று இப்படிக் காட்சிப் பொருள்கள்.

நிலைத்ததற்கும் மறைந்ததற்கும் என்ன வித்தியாசம்? நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். நிலைத்தது தினமும் பயன்பட்டது, மற்ற விரல்களின் வேலையைக் குழப்பவில்லை. குவாண்ட்ஸின் கீ தினமும் தேவைப்படவில்லை. கார்ட்டின் அமைப்பில் வழிகள் அதிகம், ஆகவே கற்க வேண்டியதும் பழுதுபார்க்க வேண்டியதும் அதிகம்.

வாங்கப் போகிறவர்களுக்கு

ஒவ்வொரு கூடுதல் வரிக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று, இது எந்தக் குறையைத் தீர்க்கிறது? இரண்டு, அந்தக் குறை என் பிள்ளை இப்போது வாசிப்பதில் வருகிறதா, பத்து வருடம் கழித்து வரப்போகிறதா? மூன்று, இது கெட்டுப்போனால் நம் ஊரில் சரிசெய்ய ஆள் உண்டா? கம்பியும் ஸ்பிரிங்கும் கூடக் கூட, நூலிழை விலகினாலும் வாத்தியம் மக்கர் செய்யும்.

இப்படிப் பார்த்தால், கற்கும் பிள்ளைக்கு ஸ்பிளிட் ஈ ஒன்றுதான் யோசிக்க வேண்டிய வரி என்று எனக்குப் படுகிறது. மேல் ‘ஈ’ பாடங்களில் தவறாமல் வரும் சுரம். பட்ஜெட்டில் அடங்கவில்லையென்றாலும் கவலைப்பட வேண்டாம். கீழ்த் துளையைக் கொஞ்சம் சுருக்கும் சிறு வளையம் ஒன்றைச் சில தயாரிப்பாளர்கள் வைக்கிறார்கள். அதனால் ‘ஏ’ சுரம் சற்று மங்கலாம், ஆனாலும் மேல் ‘ஈ’ கொஞ்சம் சுலபமாகும். எதுவுமே இல்லாமல், உதட்டையும் மூச்சையும் பழக்கியே அதைச் சுத்தமாக வாசிக்கும் கலைஞர்களும் ஏராளம். ஸ்பிளிட் ஈ இருந்தால் சில மாற்று விரல் முறைகள் கிடைக்காது என்று அதை வேண்டாமென்பவர்களும் அவர்களில் உண்டு. பி ஃபுட், கிஸ்மோ, சி ஷார்ப் ட்ரில் ஆகியவை இரண்டாவது குழல் வாங்கும்போது பேச வேண்டியவை. கடைசி வார்த்தையை ஆசிரியரிடம் விடுங்கள். அவர்தான் பிள்ளையின் கையைப் பார்க்கிறவர்.

பணத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மாலையில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து அந்த மேல் ‘ஈ’ கிறீச்சிடுவது கேட்டால், “சரியா பிராக்டீஸ் பண்ணலை” என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிசிறில் பிள்ளையின் பங்கு கொஞ்சம்தான். மீதி, 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பழக்கத்தை விட மனமில்லாத பெரியவர்களுடையது. இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். ‘எனக்கு வராது’ என்று வாத்தியத்தைப் பெட்டியில் போட்டு மூடுவதற்கும், ‘இது கஷ்டமான இடம், இன்னொரு தடவை பார்க்கலாம்’ என்று மறுபடி உதட்டில் வைப்பதற்கும் அந்த ஒரு தகவல் போதும்.